ஏற்றாத ரத்தம்

சில வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம், ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. எனக்கும் என் கணவருக்கும் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அவர் ஒரகடத்தில் லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் செல்போன் பாகங்களைச் சோதிக்கும் லைனில் இருந்தேன். இளையவள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். விட வேண்டியதாகிவிட்டது என்பதுதான் சரி.

அவளுக்கு மூன்று மாதம் ஆனதிலிருந்தே ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. வாயெல்லாம் வெள்ளை படியும். வயிற்றுப்போக்கு நின்றால் சளி பிடிக்கும், சளி விட்டால் காதில் சீழ் வடியும். எடை ஏறவே இல்லை. பல் முளைக்கப் போகிறது என்றார்கள், கண் பட்டிருக்கும் என்றார்கள், தாய்ப்பால் போதவில்லை என்று என் தலையிலும் கட்டினார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மூத்தவளை வளர்த்தவள்தானே நான். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் அவள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். அக்கம்பக்கத்து மருத்துவர்களை எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் சென்னையில் குழந்தைகளுக்கான ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் முதலில் கேட்டது, சொந்தத்தில் கல்யாணமா என்று. என் கணவர் எனக்கு அத்தை மகன். ரத்தம் வெளியே போய்விடக் கூடாது என்று பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். பரிசோதனை முடிவு வந்த அன்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டாம். கிருமி உள்ளே நுழைந்தால் அதை அடையாளம் கண்டு, மற்ற அணுக்களையும் கிளப்பிவிட்டுச் சண்டைக்குக் கூட்டிப்போவது அதுதான். அந்த அணுவின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. அது ஒரே துண்டு இல்லை, பல புரதத் துண்டுகள் சேர்ந்தது. சில துண்டுகள் கிருமியைப் பிடித்துப் பார்க்கும். பக்கத்திலேயே நிற்கும் வேறு சில துண்டுகள், பார்த்த செய்தியை அணுவுக்கு உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். செய்தி கொண்டுபோகும் அந்தக் கூட்டத்துக்கு சிடி3 என்று பெயர். அதில் ஒன்றுதான் என் மகளுக்குச் சரியாக உருவாகவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் வெளியே தெரியாமல் இருந்த குறை, அவளிடம் வந்து ஒன்று சேர்ந்துவிட்டது.

எனக்கு இது சட்டென்று புரிந்தது. எங்கள் லைனில் ஒரு கேமரா உண்டு. பழுதான பாகம் வந்தால் அது பார்த்துவிடும், உடனே பெல்ட் நிற்கும். ஒருநாள் கேமராவுக்குப் பின்னால் இருந்த ஒயர் கழன்றுகொண்டது. கேமரா பாட்டுக்குப் பார்த்தது, பெல்ட் பாட்டுக்கு ஓடியது. அன்றைக்குப் போன பழுதுக்கு அளவே இல்லை. என் மகளின் உடம்பிலும் கண் இருக்கிறது, ஒயர்தான் இல்லை. புரிந்ததும் ஆறுதல் வரவில்லை, பயம்தான் கூடியது.

எலும்பு மஜ்ஜை மாற்றினால் சரியாகலாம், மூத்தவளுடையது பொருந்துகிறதா பார்க்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை செய்யக் கூடாதவை என்று வரிசையாகச் சொன்னார். சொட்டு மருந்து கூடாது, கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாது, கொதிக்காத தண்ணீர் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கிளம்பி வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்து, "எங்கயாவது ரத்தம் ஏத்தணும்னு சொன்னா..." என்று ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீல் என்று கத்தி வாந்தி எடுத்தாள். கணவர் மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். நான் அவளைத் துடைத்துக்கொண்டே சரி டாக்டர், சரி டாக்டர் என்றேன். அந்த வாக்கியத்தின் மறுபாதி என் காதில் விழவே இல்லை.

அடுத்த வாரமே வயிற்றுப்போக்கு கட்டுக்கடங்காமல் போனது. காலையில் அவள் உதடும் உள்ளங்கையும் காகிதம் மாதிரி வெளுத்திருந்தன. சென்னை வரை தாங்குவாளோ மாட்டாளோ என்று பயந்து, ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி குறைவு, சென்னையில் பார்க்கிறோம் என்று சொன்னேன். டி செல், ஏற்பி என்று நான் ஆரம்பித்ததும், பணியில் இருந்த மருத்துவர் அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, குழந்தை அப்படிக் கிடந்தாள். ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது, உடனே ஏற்றியாக வேண்டும், ஏற்றிவிட்டுத்தான் சென்னைக்கு அனுப்ப முடியும் என்றார். அவளுடையது ஏ நெகட்டிவ். அங்கே அந்த வகை கையிருப்பில் இல்லை.

என் கணவர் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். முதல் ஷிப்ட் முடிந்த பஸ்ஸிலிருந்து நேராக மருத்துவமனை வாசலில் இறங்கி வந்தவர் அவருடைய லைன் லீடர். ஒரகடத்துக்குப் பக்கத்து கிராமம், அந்த ஊர்க் காலனியைச் சேர்ந்தவர். எங்களுக்கு முன்பே பழக்கம்தான். என்னை 'வா மா, போ மா' என்று கூடப்பிறந்தவள் போலத்தான் பேசுவார். யூனிபார்ம்கூட மாற்றாமல் ரத்தம் கொடுத்தார். கொடுத்தவர் வீட்டுக்குப் போகவில்லை. கையில் பிளாஸ்திரியோடு, அவர்கள் கொடுத்த ஜூஸ் டப்பாவை உறிஞ்சிக்கொண்டு, குழந்தைக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சோதனை எல்லாம் முடிந்து பை வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. படுக்கைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். எல்லோரும் ரத்தம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகப் பேசுகிறார்கள், எனக்கு மட்டும் அந்த நிம்மதி வரவில்லை. எதையோ மறந்துவிட்டேன். அடுப்பை அணைக்காமல் ஊருக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தது. நர்ஸ் அந்தச் சிவப்புப் பையைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டக் கையைத் தூக்கியபோதுதான், சென்னை மருத்துவர் வாசல் வரை வந்து சொன்ன அந்தப் பாதி வாக்கியம் நினைவுக்கு வந்தது. பாதி மட்டும்தான். ரத்தம் ஏற்றணும் என்று சொன்னால்... அப்புறம் என்ன? ஏற்றுங்கள் என்றாரா, கூடாது என்றாரா?

"சிஸ்டர், ஏத்தாதிய. இந்த ரத்தம் வேண்டாம்" என்று நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவர் ஏன் என்றார். எனக்குத் தெரியவில்லை. சென்னையில் ஏதோ சொன்னார்கள், கேட்டுவிட்டு ஏற்றலாம் என்றேன். பை குளிரில் இருந்து வெளியே வந்தால் அரை மணி நேரத்துக்குள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், பிறகு வீண்தான், குழந்தைக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்று அவர் கத்தினார். என் கணவரும் ஆளே கிடைக்காத ரத்தம் கிடைத்திருக்கிறது என்று பல்லைக் கடித்தார். "ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார். கிறுக்குதான் பிடித்திருந்தது. ஏற்றினால் ஆபத்தோ, ஏற்றாவிட்டால் ஆபத்தோ, எதுவும் தெரியாமல் பையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு லைன் லீடர் உள்ளே வந்தார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இந்த ரத்தம் வேண்டாம் என்று நான் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதிலும் விழுந்தது.

"எங்க ரத்தம் உங்களுக்கு ஆவாதா?" என்றார்.

அவர் என்னை 'உங்களுக்கு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் புரிந்தது. ஐயோ அண்ணே, அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படி இல்லை, வேறு எப்படி என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் கையில் இருந்த காலி ஜூஸ் டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

அந்த நேரத்தில் எனக்குத் துணை நின்றவர் அந்த நர்ஸ் மட்டும்தான். உள்ளூர்க்காரப் பெண், அதுவரை என்னிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசாதவர். என் கையிலிருந்து பையை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, "நான் ஒண்ணியும் ஏத்தல. நீ மொதல்ல போனக் குடு இப்டி" என்றார். மருத்துவர் அவரையும் சேர்த்துத் திட்டினார். பெற்றவள் வேண்டாம் என்கிறபோது நான் எப்படி ஏற்றுவேன் சார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சென்னை வார்டு நம்பருக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. திரும்ப அடித்தார். கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து நான் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது சில்லிட்டிருந்தது.

ஒருவழியாகச் சென்னை மருத்துவரே லைனில் வந்தார். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஏற்றிவிட்டார்களா என்பதுதான். இல்லை என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு சொன்னார். நல்ல உடம்பில் இருந்து வரும் ரத்தத்தில் கொடுத்தவரின் டி செல்களும் விழிப்போடு இருக்கும். அவை குழந்தையின் உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கும். வேறு குழந்தையாக இருந்தால் அதன் அணுக்கள் எதிர்த்து ஒழித்துவிடும். இவளால் முடியாது, உயிரே போய்விடும். அதனால் கதிர்வீச்சு காட்டி அந்த அணுக்களை அடக்கிய ரத்தத்தைத்தான் ஏற்ற வேண்டும். எங்களிடம் அப்படி ஒரு பை இருக்கிறது, குழந்தையை உடனே ஆம்புலன்சில் அனுப்பச் சொல்லுங்கள் என்றார்.

போனை வாங்கிக் கேட்ட, பணியில் இருந்த மருத்துவரின் முகம் மாறிவிட்டது. அவரே ஓடிப்போய் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார், கூடவே ஒரு ஆளையும் அனுப்பினார். போகும் வழியெல்லாம் எனக்குக் குழந்தை நினைப்பு ஒருபக்கம், அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல் போனது ஒருபக்கம். என் கணவர் அவருக்குப் போன் செய்துகொண்டே வந்தார். அவர் எடுக்கவில்லை. எடுக்காதவரைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் வீடு தேடி அலைந்தபோது 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்ட வீட்டுக்காரர்கள் எத்தனை பேர். நாங்களும் சங்கோஜமே இல்லாமல் பதில் சொல்லித்தானே சாவி வாங்கினோம்.

சென்னையில் இருந்த அந்த ஒரு பையை ஏற்றினார்கள். விடியும்போது உதட்டில் லேசாக நிறம் வந்தது. ஆனால் இன்னும் வேண்டும், ஆள் இருந்தால் வரச் சொல்லுங்கள், நாங்கள் கதிர்வீச்சு காட்டிக்கொள்கிறோம் என்றார்கள். கணவர் மறுபடி குழுவில் செய்தி போட்டார். அந்த வகை ரத்தம் உள்ளவர் என்று எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆளிடம், வேறு யாரையாவது தெரியுமா என்று கேட்கக்கூட எனக்கு முகம் இல்லை.

காலை பத்து மணி வாக்கில் வராந்தாவில் அவரே நின்றார். பக்கத்தில் அவரைப் போலவே சாயலில் இன்னொருவர்.

"எங்கிட்ட மூணு மாசத்துக்கு எடுக்க மாட்டாங்களாம். அதான் தம்பிய இட்டாந்தேன், அவனுக்கும் அதே குரூப்பு" என்றார். தம்பியைக் காட்டி, "இவன் ரத்தமாவது ஆவுமானு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவமானப்பட்டதாக நினைத்துக்கொண்டே, அந்த நினைப்பு மாறாமலேயே, தம்பியையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு எப்படி வந்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். கோபம் பெரியவர்கள் மேல், குழந்தை என்ன பண்ணியது என்றார். அங்கேயே நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்பி, சிடி3, அவருடைய அணுக்கள் என் மகளை என்ன செய்திருக்கும் என்பது, வாசலில் நான் கேட்காமல் விட்ட பாதி வாக்கியம், எதையும் விடவில்லை. "ஒங்க ரத்தத்துல ஒரு கொறையும் இல்லண்ணே. எம் பிள்ளைக்கு அதத் தாங்கத்தான் தெம்பு இல்ல" என்றேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்த நேத்தே சொல்லிக்கக் கூடாதா மா நீ? ராத்திரி பூரா தூங்கல நான்" என்றார்.

தம்பியின் ரத்தம் அன்று மாலையே அவளுக்கு ஏறியது. சில மாதங்கள் கழித்து மூத்தவளின் மஜ்ஜை பொருந்தி, அதையும் வைத்தார்கள். இப்போது இளையவள் பால்வாடிக்குப் போகிறாள், சளி பிடித்தால் மற்ற குழந்தைகளைப் போல அவளுக்கும் தானாகச் சரியாகிறது.

எனக்கு மறக்க முடியாதது, குழந்தை தப்பியது மட்டும் இல்லை. அன்று நான் அவருக்குக் கொடுத்தது 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைத்தான். காரணம் என்னிடம் இல்லாததால் அவர் தன்னிடம் இருந்த காரணத்தை எடுத்துக்கொண்டார். அதை அவர் கையில் சின்ன வயதிலிருந்தே கொடுத்து வைத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். இன்றும் யாரிடமாவது வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், ஏன் என்பதையும் சொல்லி முடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை.