தனித்தனி அறை

விருதுநகர் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவர், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் லேபிள் அச்சு இயந்திரத்தைக் கவனிப்பவர். அதன் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை அப்டேட் செய்தால் இயந்திரம் நின்றுவிடுகிறதாம். இயந்திரத்தைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் நிரலில் தாம் செய்த திருத்தங்களை மடிக்கணினியில் உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். அவற்றை மொத்தமாக அனுப்பியதை, பிரித்து அனுப்பச் சொல்லி, லினக்ஸின் மைய நிரலைப் பராமரிக்கும் கெர்னல் குழுவினர் திருப்பிவிட்டார்களாம்.

"மிஷின் ஓடுதுல்ல அண்ணாச்சி? அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்?" என்றேன் எரிச்சலோடு.

"அவுக சொல்றது சரிதாங்க. எங்க கம்பெனியில வெடிமருந்துக்கு ஒரு ரூம், திரிக்கு ஒரு ரூம்னு தள்ளித் தள்ளித்தான கட்டியிருக்கு? ஒண்ணுல கோளாறுன்னா அது அதோட போகணும்ல?"

சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார். அதற்குள் பழைய தீக்காயம் என் கண்ணில் பட்டுவிட்டது. எந்த அறையில் பட்டது என்று கேட்காமல், "பிரிச்சே அனுப்புங்க அண்ணாச்சி" என்றேன்.