மரத்துப்போன கன்னம்

களிமண் வகுப்பை விருப்பப் பாடமாக எடுத்த பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் சூளையக்கா. பாடம் நடத்துவது ஆசிரியர். பிள்ளைகள் செய்ததை மின்சூளையில் அடுக்கிச் சுட்டெடுப்பது பன்னிரண்டு வருடமாக இவள். ஒன்று காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எடுத்து வலது கன்னத்தில் வைப்பாள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம், இல்லாவிட்டால் சூளைக்குள் போகலாம். 'அக்கா பானைக்கு முத்தம் குடுக்குது' என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, அந்தக் கன்னம் அதுவரை பொய் சொன்னதில்லை.

போன பருவத்தில் ஆசிரியர் ஈரம் காயுமுன்னே அவசரப்பட்டுத் திணித்த ஜாடி ஒன்று சூளைக்குள் வெடித்தது. பழி என்னவோ இவள் தலையில்தான் விழுந்தது. "இன்னொரு தடவை வெடிச்சா வேற வேலை பாத்துக்கோங்க" என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. இவள் ஒருத்தி சம்பாத்தியம்தான்.

அன்று காலை வலப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேரே பள்ளிக்கு வந்தாள். மறுநாள் வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். இருபத்து நான்கு பேருடைய வேலையும் இன்றே சூளை ஏற வேண்டும்.

கடைசியாக வந்தது ஒட்டடைக்குச்சி. உயரமாய், ஒல்லியாய் இருந்ததால் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பட்டம். தன் தம்பியின் தலையை அச்சு அசலாகச் செய்திருந்தாள். கவின்கலைக் கல்லூரியில் இடம் கிடைப்பது அந்தத் தலைக்கு விழும் மதிப்பெண்ணில்தான் இருந்தது.

"அக்கா, முந்தாநாள்தான் முடிச்சேன். காஞ்சிருக்குமா?"

வழக்கம்போல வலது கன்னத்தில் வைத்தாள். சில்லிடவில்லை. "நல்லா காஞ்சிருக்கு. நீ கவலப்படாம போ."

கதவைச் சாத்தி சூளையைப் போட்டாள்.

மதியம் பல் இருந்த இடம் விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. ஈரத்துணியைப் பிழிந்து கன்னத்தில் ஒற்றினாள். சில்லென்று உறைத்தது. ஐயோ! காலையில் இந்தக் கன்னத்தில் உணர்ச்சியே இல்லையே! ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தையா வைத்தேன்?

சூளையின் வெப்பமானி தொண்ணூற்றேழு காட்டியது, தண்ணீர் கொதிக்க இன்னும் மூன்று டிகிரிதான். அணைத்திருக்கலாம். விசை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைத்தால் நாளைக்கு ஒருவருடையதும் தயாராகாது. ஏன் அணைத்தாய் என்று கேட்பார்கள். மற்றதெல்லாம் ஒரு வாரம் காய்ந்தது, அந்த ஒரு தலைதானே, அதுவும் தப்பினாலும் தப்பும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றாள். நூற்றுப் பத்து. நூற்று முப்பது. கை விசைப் பக்கம் போகவில்லை.

உள்ளே 'டொம்' என்று ஒரு சத்தம். பிறகு சில்லுகள் சரியும் ஓசை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து சூளையைத் திறந்தாள். மற்றவை பிழைத்திருந்தன. தம்பியின் தலை தூள்தூளாகக் கிடந்தது. சில்லு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். உள்ளே தடிமனாக விட்டாலும் வெடிக்கும்; ஆனால் விரல் கனத்துக்கு, ஒரே சீராகக் குடைந்திருந்தாள் அந்தப் பெண். ஒரு குறை சொல்ல முடியாது. பாவி, அந்தச் சில்லைத்தான் முதலில் குப்பை வாளியின் அடியில் போட்டு மூடினாள்.

தலைமையாசிரியர் வந்தார், ஆசிரியர் வந்தார். "மறுபடியும் வெடிக்க விட்டீங்களா?" என்று தலைமையாசிரியர் இவளிடம் சத்தம் போட்டார். ஒட்டடைக்குச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் உள்ள சரியா குடையல போல சார்" என்றாள் அவளாகவே.

தலைமையாசிரியர் சூளையக்காவிடம் திரும்பினார். "என்னம்மா, அப்படியா?"

பன்னிரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் துரோகம் நினைக்காதவள். கணவரின் முகம் கண்முன் வந்தது, சம்பளம் நின்றுபோன வீடு வந்தது.

"ஆமா சார்" என்றாள். "ரொம்பத் தடிமனா விட்டிருக்கு."

ஆசிரியர் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே 'சமர்ப்பிக்கவில்லை' என்று எழுதினார். இருவரும் தேர்வாளரை அழைத்துவரப் போனார்கள். இவள் சூளையைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை.

ஒட்டடைக்குச்சி பக்கத்தில் வந்து அவள் முதுகைத் தடவினாள்.

"அழாதீங்கக்கா. என்னாலதான் உங்களுக்கு இந்தப் பேச்சு. மன்னிச்சிருங்க."