தண்ணி கேனும் வேன் கூரையும்

கேம்பர் வேனுக்கு மடக்குக் கூரை வந்தாச்சு. ஒரு பக்கத்தை வேன் மேல மாட்டணும், மறுபக்கம் ரெண்டு கால்ல நிக்கும். கேன்வாஸா நைலானான்னு ரொம்ப யோசிச்சு, தூக்கச் சுலபமா இருக்கட்டும்னு நைலான் வாங்கினேன்.

இன்னிக்கு மத்தியானம் மந்தைவெளியில எங்க தெருவுலயே விரிச்சுப் பார்த்தேன். தார் ரோட்டுல ஆணி இறங்கல. காத்துல பறக்காம இருக்க, வேன்ல இருந்த குழாய் வெச்ச தண்ணி கேன்களைக் காலுக்கு ஒண்ணாக் கட்டினேன்.

ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, நேரா வந்து பாட்டில்ல தண்ணி பிடிச்சார்.

"எந்தக் கட்சிக்கா?"

"கட்சி இல்லைங்க. இது வேனுக்குக் கூரை."

"சரி, மோரும் கீதா, தண்ணி மட்டும்தானா?"

இந்த வெயில்ல எப்படி வேணாம்னு சொல்றது? அவர் பின்னாடி பூக்காரம்மா, அவங்களுக்குப் பின்னாடி யார் யாரோ. வரிசையே நின்னுடுச்சு.

கேன் காலியாக ஆக, கூரை மெல்ல எழும்ப ஆரம்பிச்சது. ஆட்டோக்காரர்தான் ஓடிவந்து காலைப் பிடிச்சார்.

"இன்னாக்கா, பந்தலை இவ்ளோ லேசா போட்டுக்கீற?"

அடுத்த வாரம் இதோட கடற்கரைக்குப் போறோம். காலுக்குக் கட்ட, யாராலயும் குடிக்க முடியாத கனமா ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க.