பின் இருக்கையின் சிவப்பு விளக்கு

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படியுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இது எனக்கு நடந்தது. நேரம் உட்பட எல்லாம் என் வேலைச் சீட்டில் இருக்கிறது. இருட்டு இல்லை, மழை இல்லை, நாய் ஊளையிடவில்லை. பட்டப்பகல். சனிக்கிழமை, மதியம் 2.20.

கார்களுக்கு பேட்டரி மாற்றுவது என் தொழில். பதிமூன்று வருடம். இந்தத் தொழிலில் இருந்துகொண்டும் எனக்கு அழுக்கு ஆகாது. ஒரு நாளைக்கு மூன்று ஜோடி கையுறை மாற்றுவேன். "பொண்ணு பாக்க வந்தப்ப நகத்துல ஒரு கறை இல்ல. மெக்கானிக்னு பொய் சொல்றாரோன்னு நெனச்சேன்" என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

பழைய கார் என்றால் இரண்டு நட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. இப்போது எல்லாமே கம்ப்யூட்டர். பேட்டரியை எடுத்த மறு நொடி கார் தன் ஞாபகத்தை இழந்து திருதிருவென்று விழிக்கும். மணி தெரியாது, கண்ணாடி எதுவரை ஏற வேண்டும் என்று தெரியாது. அதனால் வேலை முடியும்வரை வேறொரு சின்னப் பெட்டியிலிருந்து காருக்கு மின்சாரம் கொடுப்போம். ஞாபகம் அறுந்து போகாது. சில பேர் சோம்பல்பட்டு இதைச் செய்வதில்லை. நான் ஒரு தடவைகூட விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் தங்கைக்கு நிறைமாதம். டாக்டர் சொன்ன தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது. வாடகை வண்டியை நம்ப முடியாது என்று மாப்பிள்ளை அவசர அவசரமாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். நல்ல கார், அடிமாட்டு விலை. பேட்டரி மட்டும் செத்திருந்தது; காரின் ஞாபகத்தைப் பிடித்து வைக்க மட்டும் ஒரு சொட்டு மிச்சம். இழுவை வண்டியில்தான் வீட்டுக்கு வந்தது.

மாப்பிள்ளை போனில் சொன்னார்: "மச்சான், வித்தவரு ஒரு விஷயம் சொன்னாரு. பழைய பேட்டரிய கழட்டிட்டு ஒரு ராத்திரி முழுக்க அப்படியே போட்டுடணுமாம். காருல இருக்கறதெல்லாம் சுத்தமா அழிஞ்ச பிறகுதான் புதுசு மாட்டணுமாம்."

"யாரு, அவரு என்ன எனக்கு வாத்தியாரா? எல்லாம் அழிஞ்சா திரும்ப சரி பண்றது யாரு, அவரா? நீங்க வேலைக்குப் போங்க மாப்ள, நான் பாத்துக்கறேன்."

சாவியைத் தங்கை கொடுத்தாள். வீட்டை ஒட்டிய கார் கொட்டகை, மேலே தகரக்கூரை. அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

2.31. முன்பக்க மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் மின்முனையில் என் பெட்டியின் சிவப்புக் கவ்வியைப் போட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, காரின் பழைய பதிவு முழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அது என் வழக்கம்.

இந்த மாடலுக்கு பேட்டரி பின்னால், டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கும். டிக்கியைத் திறந்தேன்.

குப்பென்று அடித்தது.

முதலில் வாசனைத் திரவியம். யாரோ குடம் குடமாக ஊற்றியிருக்கிறார்கள். அதற்கு அடியில் வேறொன்று. ஆசிட் நாற்றம் எனக்குத் தெரியும். செத்த எலி நாற்றமும் தெரியும். இது இரண்டும் இல்லை. தித்திப்பாக இருந்தது.

தரைப் பலகையைத் தூக்கினேன். பின் இருக்கையிலிருந்து எதுவோ கசிந்து, பேட்டரிப் பள்ளத்தில் தேங்கி, பாதி காய்ந்திருந்தது. பழுப்பு நிறம். பாயசத்தில் ஆடை படிகிற மாதிரி மேலே ஒரு தோல். பேட்டரியைத் தூக்கும்போது அந்தத் தோல் கிழிந்து, கூடவே நூல் நூலாக வந்தது. நான் வெளியே ஓடிப்போய் இரண்டு தடவை குமட்டினேன்.

"என்னண்ணா, மசக்கை எனக்கா உனக்கா?" என்று தங்கை சிரித்தாள்.

"ஒருத்தன் இப்படி ஒரு காரை விப்பானா? மனுஷனா அவன்? த்தூ!"

கையுறை மாற்றினேன். இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. 2.38க்கு பழைய பேட்டரி தரையில் இருந்தது. புதியதைப் பிரிக்கப் போனேன்.

டிங்.

காருக்குள்ளிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். முன்னால் திரையில் ஒரு சின்னப் படம், சிவப்பாக. பின் இருக்கை, இடதுபக்கம். அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

ஈரத்தில் சென்சார் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். இது நடக்கிறதுதான். பின் கதவைத் திறந்து அந்த இடத்தை விரலால் அழுத்தினேன். சளக் என்றது. மேலே புத்தம் புதிய உறை. அதன் தையல் வழியாகப் பழுப்பாகக் கசிந்து என் விரலைச் சுற்றியது. கையுறையை மீறி அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஐயோ... எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையுறையைப் பிய்த்து எறிந்துவிட்டு, பின்பக்கக் குழாய்க்கு ஓடினேன். சோப்புப் போட்டேன். மறுபடி சோப்புப் போட்டேன்.

அந்த நான்கு நிமிடம்தான் நான் செய்த தப்பு.

2.46. திரும்பி வந்தபோது வாசல் நாற்காலி காலி. ஆரஞ்சுத் தோல் மட்டும் கிடந்தது.

தங்கை காருக்குள் இருந்தாள். பின் இருக்கையில், வலதுபக்கம்.

"சும்மா உட்கார்ந்து பாக்கறேண்ணா. ஆஸ்பத்திரிக்குப் படுத்துட்டுப் போக இடம் பத்துமான்னு."

"ஏய், இறங்கு! முதல்ல இறங்கு!"

திறந்திருந்த கதவெல்லாம் தானாகச் சாத்திக்கொண்டது.

டக். டக். டக். டக்.

நாலு பூட்டும்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். உள்ளே அவள் பிடியை இழுத்தாள். அதுவும் திறக்கவில்லை.

டிங்.

திரையில் இப்போது இரண்டு சிவப்பு. வலது. இடது.

முதலில் அவள் பயப்படவில்லை. மூக்கைப் பொத்தினாள். "உவ்வே... யாருண்ணா இதுல வாந்தி எடுத்தது?" அப்புறம் இடதுபக்கம் திரும்பினாள். அங்கே கண்ணாடியில் பனி படர்ந்தது. உள்பக்கம். ஒரு வாய் அகலத்துக்கு.

மறைந்தது.

மறுபடி படர்ந்தது.

தகரக்கூரை வெயிலில் படபடத்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில்... மூச்சுப் பனி.

"அண்ணா." அவள் குரல் மாறிவிட்டது. "என் கையப் பிடிச்சிருக்கு."

"எது?"

"ஈரமா இருக்குண்ணா... விட மாட்டேங்குது..."

வித்தவன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் அழியட்டும் என்றான். நான் அழிய விடவில்லை. சோறு ஊட்டுகிற மாதிரி மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

முன்னால் ஓடினேன்.

சிவப்புக் கவ்வியைப் பிடுங்கி எறிந்தேன்.

திரை அணைந்தது.

"விட்டுருச்சுண்ணா!"

ஆனால் பூட்டு திறக்கவில்லை. மின்சாரம் இல்லாமல் இனி திறக்கவும் திறக்காது. உள்ளே நாற்றம் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

ஸ்பேனரால் கண்ணாடியை அடித்தேன், கீறல்கூட விழவில்லை. திறந்திருந்தது டிக்கி ஒன்றுதான்.

அங்கிருந்து வலதுபக்க முதுகுச் சாய்மானத்தை மடக்கலாம். ஆனால் அதற்கு அந்தப் பள்ளத்தின்மேல் படுத்துத்தான் போக வேண்டும். கையுறை போட நேரமில்லை. படுத்தேன். முழங்கை அதில் அமிழ்ந்தது. சட்டைக்குள் வழிந்தது. உதட்டில் பட்டது. அந்த ருசியை நான் எழுதப் போவதில்லை. சாய்மானத்தின் கொக்கியை இழுத்து, அவளைத் தோளோடு பிடித்து, அங்குலம் அங்குலமாக வெளியே இழுத்தேன்.

2.53. இருவரும் தரையில் கிடந்தோம். அவளுடைய இடது மணிக்கட்டைச் சுற்றிப் பழுப்பாக, கொழகொழவென்று ஒரு வளையம். சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை... எதைப் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போக ஒன்பது நாள் ஆனது.

அன்று மாலையே வலி எடுத்தது. வாடகை வண்டியில்தான் போனோம். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளை காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வித்தவன் காரணம் கேட்கவே இல்லையாம், சாவியை மட்டும் வாங்கிக்கொண்டானாம். எனக்கு மனசு ஆறவில்லை. உறை மாற்றிய கடையின் முத்திரை இருக்கையில் இருந்தது. தேடிப் போனேன். அங்கே உள்பக்கம் கழுவுகிறவர் முதலில் வாயைத் திறக்கவில்லை. என் தங்கையின் கையைப் பற்றிச் சொன்னதும் சொன்னார்.

"அந்த ஆளோட அப்பாங்க. எழுந்து நடக்க முடியாது, வயிறும் அடங்காது. ஒரு நாள் காருலயே வெளிக்குப் போயிட்டாரு. பையனுக்கு அருவருப்பு. 'ஆள் வந்து கழுவட்டும், அதுவரைக்கும் இங்கயே கிட'ன்னு நிலத்தடி பார்க்கிங்ல வெளியிலிருந்து பூட்டிட்டு, அப்படியே ஊருக்குப் போயிட்டான். ஆளுக்குச் சொல்ல மறந்துட்டானாம். பதினோரு நாள் கழிச்சுதான் திறந்தாங்க."

அருவருப்பு என்ற சொல்லை அதுவரை நானும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எத்தனாவது நாள் உயிர் போச்சு?" என்று கேட்டேன்.

"முதல் ராத்திரியே போயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு. நாலாம் தேதி."

வீட்டுக்கு வந்து, அன்று ஸ்கேனரில் எடுத்து வைத்திருந்த பதிவைத் திறந்தேன். பேட்டரி எதனால் தீர்ந்தது என்று கார் தானே எழுதி வைத்திருக்கும். நிறுத்தி வைத்த காரில் யாராவது எதையாவது தொட்டால் கம்ப்யூட்டர் ஒரு முறை விழிக்கும். விழித்த காரணத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும்.

காரணம் எல்லா வரியிலும் ஒன்றேதான். பின் இடது கதவு, கண்ணாடி இறக்கும் பொத்தான்.

நாலாம் தேதி, பதினெட்டு தடவை. ஐந்தாம் தேதி, நாற்பத்தொன்று. ஆறாம் தேதி, அறுபது. ஏழு, எட்டு, ஒன்பது... கூடிக்கொண்டே போனது. கடைசி வரி பத்தாம் தேதி, அதிகாலை 4.10.

அதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் அழுத்தினாரா என்று தெரியாது. குறித்துக்கொள்ளும் அளவுக்குக் காரில் மின்சாரம் இல்லை.