தலையில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடம் என்பது சிராங்கூன் சாலையை விட்டுத் தள்ளி, அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு வீட்டின் முன்கூடம். நடத்தியது ஒரு வெள்ளைக்காரத் துரைசானி. பாடம் சொல்லிக்கொடுத்தது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கிறிஸ்தவ வாத்தியாரம்மா. எங்களைப் போன்ற ஏழை வீட்டுப் பெண்களை வேறு எந்தப் பள்ளியும் சீந்தவில்லை.

பக்கத்துத் தேக்காவில் பால்மாடு வைத்திருந்த அப்பா என்னை அரை மனதோடுதான் அனுப்பினார்.

"பாட்டுப் பாடு, ஜெபம் பண்ணு, எனக்கென்ன. தலையில தண்ணி ஊத்தி அவங்க வேதத்துல சேத்தாங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே படிப்பு நின்னுடும்."

படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில் நான் அங்கே தண்ணீர்ப் பானைப் பக்கமே போகமாட்டேன். தாகத்தை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துதான் குடிப்பேன். அப்படி ஒரு அசடு நான்.

ஒரு நாள் வெயில் கொளுத்தியது. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதே கண் இருட்டி விழுந்தேன். விழித்தபோது வாத்தியாரம்மா என்னை மடியில் கிடத்தி, "இயேசுவே, இயேசுவே" என்றபடி செம்பால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். துரைசானிக்குப் பால் கொண்டுவந்த அப்பா வாசலில் நின்றார். காலையில் பூசிய திருநீறு சுத்தமாகக் கரைந்துபோயிருந்தது.

"எம் புள்ளைக்கு என்ன வேதக்காரப் பேரு வச்சீங்க?" என்றார் அப்பா. அவர் மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

"ஐயா, புள்ள மயங்கி விழுந்துட்டு. அதான் ஊத்துனேன். வேற ஒண்ணுமில்ல."

"அப்ப நீங்களே பூசி விடுங்க." இடுப்பிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து நீட்டினார். "இல்லைன்னா இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

அதற்குள் துரைசானி கதவருகே வந்துவிட்டார். எங்கள் நெற்றித் திருநீற்றைப் பொறுத்துக்கொள்வார். சம்பளம் வாங்கும் கிறிஸ்தவப் பெண் திருநீற்றைத் தொட்டால் விடுவாரா?

வாத்தியாரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பைக்குள் விரலை விட்டார். துரைசானி பார்த்துக்கொண்டிருக்கவே என் ஈர நெற்றியில் பட்டையாகப் பூசிவிட்டார்.

மறுநாள் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பலகை முன்னால் துரைசானி நின்று, தன் உடைந்த தமிழில் வாய்ப்பாடு சொன்னார். வாத்தியாரம்மா அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.