குழிக்குள் நின்ற துலுக்காணம்

துலுக்காணத்துக்கு ஊத்துக்கோட்டைக்குத் தெற்கே, ஓடையோரம் ஒன்றேகால் ஏக்கர். விதைத்தால் வேர்க்கடலை விளையும். உழுதால் கல் விளையும். ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் உள்ளங்கைக்கு அடக்கமாக, யாரோ உட்கார்ந்து தட்டிச் செதுக்கிய கல். பொறுக்கி வரப்பில் போடுவது ஊர் வழக்கம். அறுபத்து நான்கில் ஜீப்பில் வந்த புரொபசர் அந்த வரப்பின் முன்னால் மண்டியிட்டுவிட்டார்.

"இது கைக்கோடரி. லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வேட்டைக்காரன் மானை உரிச்ச கல்லு!"

"மானா சார்? எம் பொஞ்சாதி இதுல புளியங்கொட்டை ஒடைக்கிறா."

புரொபசர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நிலத்தைத் தோண்ட அனுமதி கேட்டார். துலுக்காணம் வாடகை கேட்கவில்லை, பேர் கேட்டார். "மியூசியத்துல கல்லு பக்கத்துலயே உங்க பேரு இருக்கும்" என்று கையடித்துச் சொன்னார் புரொபசர்.

இரண்டு வருடம் கடலை போடவில்லை. மைத்துனன் பரசுராமன் டீக்கடையில், "இன்னா மாமா, இந்த வாட்டி கல்லு எத்தினி மூட்டை?" என்பான்.

"பட்ச்சவரு. வாக்கு தப்ப மாட்டாரு."

ஏழு வருடமும் இதே பதில்.

எழுபத்தொன்றில் மியூசியம் திறந்தது. மனைவி சம்பூர்ணத்தையும், முக்கியமாகப் பரசுராமனையும் பஸ் ஏற்றினார். கண்ணாடிப் பெட்டியில் பதினோரு கற்கள். இங்கிலீஷ் சீட்டைக் காவலர் ஆசீர்வாதம் படித்தார். கண்டுபிடித்தவர்: புரொபசர்.

"கீழ இன்னொரு பேரு கீதான்னு பாருங்க சார்."

"நம்பர்தான் கீது."

புரொபசர் பேரை மறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. இரண்டு வருடம் அவர் வீட்டுக் கூழைக் குடித்து, "துலுக்காணம், இன்னொரு சொம்பு" என்றவர்.

சம்பூர்ணம்தான் சுவரில் போட்டோவைக் கண்டாள். தலைப்பாகையோடு குழிக்குள் நிற்கிறார் துலுக்காணம். அடியிலிருந்த வரியை ஆசீர்வாதம் தயங்கிப் படித்தார்: "குழியின் ஆழத்தைக் காட்ட, ஓர் ஆள்."

பரசுராமன் ஏழு வருடமாகச் சேர்த்துவைத்த சிரிப்பு வரவில்லை. "எங்க மாமன் இன்னா அளவுகோலா?" என்று எகிறினான்.

"நான் கதவு தொறக்கறவன் நைனா" என்றார் ஆசீர்வாதம்.

திரும்பும் பஸ் கிளம்பியதும் துலுக்காணம் மைத்துனன் பக்கம் சாய்ந்தார்.

"போட்டோ புடிக்கசொல்ல, மூஞ்சி நல்லா தெரியட்டும்னு மண்ணுக்கூடையைக் கவுத்துப்போட்டு மேல ஏறி நின்னேன் மச்சான். அந்தாளு கவனிக்கல."

"அப்போ குழி இன்னும் ஆழமா?"

"ஒரு முழம் ஜாஸ்தி."

"எறங்கிப் போய் சொல்லலாம் வா, மாமா!"

"சொன்னா, எவன் சொன்னான்னு எழுதுவாங்க?"