பிரிண்டர் சொன்ன பதில்

எனக்கு முன்கோபம் அதிகம். அன்றைக்கு அதை முழுசாக வாங்கிக்கட்டிக்கொண்டவர் இன்டர்நெட் கம்பெனிக்காரர். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எலும்பு டாக்டர் ஒருவருக்கு டவுனில் ஆஸ்பத்திரி, கந்தர்வக்கோட்டையில் சின்னக் கிளை. கிளையில் எக்ஸ்ரே எடுக்கவும் மாவுக்கட்டு போடவும் ஆள் உண்டு. படத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஒடிந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி ஜனங்கள் பஸ் ஏறி டவுனுக்கு வருவார்கள்.

"படம் மட்டும் என் கம்ப்யூட்டருக்கு வந்தாப் போதும்மா," என்றார் டாக்டர். இரண்டு கட்டடத்து ரூட்டர்களுக்கும் நடுவே, வெளியார் எட்டிப்பார்க்க முடியாதபடி இன்டர்நெட்டுக்குள்ளேயே ஒரு டனல் போட்டுவிட்டால், இரண்டும் ஒரே ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். ஒரே நாளில் முடிக்கிறேன் என்று வாயை விட்டேன். "முடியலைன்னா சொல்லிருங்க, திருச்சி கம்பெனிய வரச் சொல்லிர்றேன்," என்றார். சுருக்கென்றது. இந்த ஆஸ்பத்திரி கைவிட்டுப் போனால் மற்ற ஆஸ்பத்திரிகளும் போகும்.

டவுன் பக்கத்தைக் காலையிலேயே முடித்துவிட்டுக் கந்தர்வக்கோட்டைக்கு வண்டியை விட்டேன். மதியத்துக்குள் டனல் பச்சை காட்டியது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் உண்டு; டாக்டர் கம்ப்யூட்டரின் எண்ணுக்கு என் லேப்டாப்பிலிருந்து 'இருக்கியா?' என்று குரல் கொடுத்துப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. படத்தை அனுப்பிவிட்டு, "வந்திருச்சு சார், பாருங்க!" என்று போனில் கூவினேன்.

"இங்கிட்டு ஒண்ணும் வரலையேம்மா," என்றார்.

மறுபடி அனுப்பினேன். வரவில்லை. லைன் சரியில்லை என்று இன்டர்நெட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நாலு மணிக்கு, முந்திரி மரத்திலிருந்து விழுந்த ஒருவர் மணிக்கட்டு வீங்கிப்போய் வந்தார். எக்ஸ்ரே எடுத்த நர்ஸ் அக்கா, "அடுத்த பஸ்ஸுல அனுப்பிரவா?" என்று என்னைக் கேட்டார்.

"பத்தே நிமிசங்க்கா," என்றேன். வந்தவருக்கு வியர்த்துக் கொட்டியதால், அக்கா பிரிண்டர் வயரைப் பிடுங்கிவிட்டு டேபிள் ஃபேனைச் சொருகினார். நான் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்த குரலுக்கு என் திரையில் வந்துகொண்டிருந்த பதில் பட்டென்று நின்றது.

இத்தனை நேரம் எனக்குப் பதில் சொன்னது டவுனில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் அல்ல, பக்கத்து மேஜைப் பிரிண்டர்! இரண்டுக்கும் ஒரே எண். எங்கள் பக்கம் அண்ணன் தம்பி எல்லோரும் தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பா பேரையே வைப்பார்கள். கல்யாண வீட்டில் ஒருவனைக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கிற இன்னொருவன்தான் "என்ன?" என்பான். அதே கதை. இரண்டு இடத்துக்கும் ஒரே எண் வரிசையைக் கொடுத்த புண்ணியவதி யார்? நானேதான், கைப்பழக்கத்தில்.

வெட்கப்பட நேரமில்லை. கந்தர்வக்கோட்டை எண்களையெல்லாம் வேறு வரிசைக்கு மாற்றி, இரண்டு ரூட்டர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து, அவருடைய படத்தை அனுப்பினேன். போன் அடித்தது.

"வந்திருச்சும்மா, தெளிவா இருக்கு. எலும்பு ஒடிஞ்சிருக்கு. அங்கேயே கட்டுப் போட்டுரலாம்."

"ஒடிஞ்சிருக்கா! ரொம்ப சந்தோசம் சார்!" அறையே அதிரக் கத்திவிட்டேன்.

மரத்திலிருந்து விழுந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கையி ஒடிஞ்சதுல ஒனக்கு என்ன ஆத்தா இம்புட்டுச் சந்தோசம்?"

"நீங்க பஸ் ஏற வேணாங்கய்யா," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.